பிரிவென்ட் ரெஃபரல், வெறுப்புக் குற்றப் புகார்: கவுன்சிலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கீரிமலை_ஹரோ எழுதியது:

வணக்கம் உறவுகளே. லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை நடத்தும் எங்கள் குழு, பெற்றோருக்கு ஒரு தகவல் கூட்டம் வைக்கப் போகிறது. இரண்டு கேள்விகள்தான் எல்லோரிடமிருந்தும் வருகின்றன.

ஒன்று பிரிவென்ட், அதாவது ஆட்கள் பயங்கரவாதத்துக்குள் இழுபடாமல் தடுக்கும் அரசுத் திட்டம். பகல் பாடசாலை "உங்கள் பிள்ளையைப் பிரிவென்டுக்கு ரெஃபர் செய்திருக்கிறோம் (அறிவித்து அனுப்பியிருக்கிறோம்)" என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன நடக்கும்? பொலிஸ் வீட்டுக்கு வருமா, பெயர் எங்கே பதிவாகும், பெற்றோர் மறுக்கலாமா?

மற்றது வெறுப்புக் குற்றம்: கோயில் சுவரில் இனவெறி எழுத்து, வீட்டுக் கதவில் முட்டை, தெருவில் திட்டு. பொலிஸுக்கு அறிவித்தால் ஒரு இலக்கம் தருகிறார்கள், பிறகு ஒரு சத்தமும் இல்லை. இதில் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கு, என்ன வேலை?

இந்த வேலைகளை உள்ளிருந்து அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்தச் சட்டம், என்ன காலக்கெடு, யாரிடம் எதைக் கேட்பது, எந்த இடத்தில் பிழைக்கிறது என்று விவரமாக எழுதினால் அப்படியே கூட்டத்தில் வாசிக்கலாம்.

---

நெடுந்தீவான் எழுதியது:

பிரிவென்ட் பற்றி எழுதுகிறேன். வெறுப்புக் குற்றத்தை மதுரைக்காரி என்னைவிட நன்றாகச் சொல்லுவா.

முதலில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: இரண்டும் பெரும்பாலும் கவுன்சிலின் சமூகப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கீழேதான் வரும், சில இடங்களில் ஒரே மேலாளர்கூட இருப்பார். ஆனால் சட்டம் வேறு, படிவம் வேறு, குழு வேறு. பிள்ளை இனவெறிக்கு ஆளானால் அது வெறுப்புக் குற்றம். பிள்ளையே வன்முறைக் கருத்துக்குள் இழுபடுகிறது என்றால் அது பிரிவென்ட். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கலந்து எழுதினால் இரண்டு மேசையும் மற்ற மேசை பார்க்கும் என்று விட்டுவிடும்.

சட்டம்: 2015ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டம். அதன் 26ஆம் பிரிவு கவுன்சில், பாடசாலை, அரச மருத்துவ சேவையான என்எச்எஸ், பொலிஸ், சிறைச்சாலை எல்லாவற்றுக்கும் "மக்கள் பயங்கரவாதத்துக்குள் இழுபடாமல் தடுப்பதில் கவனம் செலுத்த வேண்டும்" என்ற கடமையை விதிக்கிறது. இது 2015 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 36ஆம் பிரிவிலிருந்து சானல் குழு பற்றி, அதாவது ரெஃபர் செய்யப்பட்டவருக்கு என்ன உதவி என்று தீர்மானிக்கும் உள்ளூர்க் குழு பற்றி, வருகிறது. இப்போதுள்ள வழிகாட்டுதல் 2023 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்; ஸ்கொட்லாந்தில் குழுவின் பெயரும் நடைமுறையும் வேறு, வட அயர்லாந்துக்கு இந்தக் கடமை கிடையாது.

ரெஃபரல் போகும் பாதை இது. ஆசிரியர் கவலைப்பட்டால், பாடசாலையின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம், அதாவது டிஎஸ்எல்லிடம், சொல்லுவார். டிஎஸ்எல் தேசிய ரெஃபரல் படிவத்தை நிரப்பி அனுப்புவார். அதை முதலில் பார்ப்பது பயங்கரவாத எதிர்ப்புப் பொலிஸின் பிரிவென்ட் அலுவலர்கள். இந்தப் பெயரில் ஏற்கெனவே விசாரணை ஏதும் நடக்கிறதா, பயங்கரவாதத்துக்குள் இழுபடும் அறிகுறி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மூடிவிடுவார்கள், அல்லது சமூக சேவைக்கோ மனநல சேவைக்கோ திருப்பி அனுப்புவார்கள். இருக்கிறது என்றால்தான் அது சானல் குழுவுக்கு வரும்.

சானல் குழுவுக்குத் தலைவர் கவுன்சில் அதிகாரி, பொலிஸ் அல்ல. சட்டப்படி கவுன்சிலும் பொலிஸும் கட்டாயம் இருக்க வேண்டும். வழக்கமாகச் சிறுவர் சேவை, என்எச்எஸ், கல்வி, வீட்டு வசதி, தேவைப்பட்டால் நன்னடத்தைச் சேவை எல்லாம் உட்காரும். பெரும்பாலான இடங்களில் மாதம் ஒரு தடவை கூடுவார்கள். உதவி என்றால் என்ன? மனநல ஆலோசனை, பாடசாலை மாற்றம், இணையப் பாவனைக்கு வழிகாட்டல், சில பேருக்குச் சித்தாந்தத்தை எதிர்த்துக் கதைக்க உள்துறை அமைச்சு அங்கீகரித்த வழிகாட்டி. அந்தக் கடைசி வேலையை அங்கீகாரம் இல்லாத ஊர்ப் பெரியவரோ கோயில் ஐயாவோ குழுவின் பெயரில் செய்ய முடியாது. வழக்கு முடிந்த பிறகு 6 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி பார்ப்பார்கள்.

மறுக்கலாமா? சானல் உதவி முழுக்க விருப்பத்தின் பேரில். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். ஆனால் ரெஃபரல் அனுப்புவதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. இதைத்தான் பெற்றோர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "நான் ஒப்பவில்லை, ஆகவே எல்லாம் முடிந்தது" என்பதும் சரியல்ல. ஆபத்து இருக்கிறது என்று குழு நினைத்தால் பொலிஸ் தன் வழியில் அதைக் கையாளும், பிள்ளைக்குத் தீங்கு என்று பட்டால் சமூக சேவை தனியாக வரும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, "எங்கள் பிள்ளைக்கு இந்த இந்த உதவி வேறு வழியில் கிடைக்கிறது" என்று குடும்ப மருத்துவரின் (ஜிபி) கடிதத்தோடு காட்டுங்கள். வெறும் மௌனம்தான் மிக மோசமாகப் பதிவாகும்.

எண்ணிக்கையைச் சொன்னால் பெற்றோரின் பதட்டம் கொஞ்சம் குறையும். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 6,922 ரெஃபரல்கள்; சானல் ஏற்றுக்கொண்டது 512. அடுத்த ஆண்டில், 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, ரெஃபரல் 8,778 ஆக ஏறியது. சானல் ஏற்றது 1,472. அனுப்புவதில் முதலிடம் கல்வி நிலையங்களுக்கு, வயதில் முதலிடம் 11 முதல் 15 வரை. மிகப் பெரிய பங்கு எந்தச் சித்தாந்தமும் அடையாளம் காணப்படாத பிள்ளைகள்; அதற்கடுத்துத் தீவிர வலதுசாரி, பிறகுதான் இஸ்லாமியவாதம். "இது முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும், எங்களுக்கில்லை" என்று எங்கள் ஆக்கள் சொல்லுவது உண்மைக்குப் புறம்பு. அறைக்குள் இருந்து கொலைக் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் 13 வயதுப் பிள்ளை எந்த இனத்திலும் இருக்கும்.

சவுத்போர்ட்டில் பிழைத்தது எது என்பதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கொலையாளியைப் பற்றி 2019க்கும் 2021க்கும் இடையில் மூன்று ரெஃபரல் போனது. மூன்றும் சானலுக்கு வராமலே மூடப்பட்டன. தெளிவான சித்தாந்தம் இல்லை என்பதில் அளவுக்கு மீறிக் கவனம் வைத்தார்கள், திரும்பத் திரும்ப வந்த ரெஃபரல்களைச் சேர்த்து எடைபோடவில்லை என்று 2025இல் வெளியான மதிப்பாய்வு சொன்னது. பெயர் எழுத்துப் பிழையாகப் பதிவானதும் அதில் குறிக்கப்பட்டது. தமிழ்ப் பெயர்களுக்கு இது பெரிய விஷயம். கடவுச்சீட்டில் ஒரு விதம், பாடசாலையில் ஒரு விதம், ஜிபியில் தகப்பன் பெயர் முன்னால் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். எந்தப் படிவத்திலும் பிறந்த திகதியையும் மற்ற எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். உதவி கேட்டு ஏற்கெனவே போட்ட கடிதம் தொலையாமல் இருக்கவும் இது வேணும்.

இன்னொன்று, மிக அவசரம். பிள்ளையின் தொலைபேசியில் வெடிபொருள் செய்முறை மாதிரி ஏதும் கண்டால், அதை வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் கணினியில் இறக்கி வைக்கவும் வேண்டாம். 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் அப்படியான ஆவணத்தை வைத்திருப்பதே குற்றமாகலாம். இணைய முகவரி, செயலியின் பெயர், கணக்குப் பெயர், நேரம் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு டிஎஸ்எல்லிடம் சொல்லுங்கள். தொலைபேசியை அழித்துக் கொடுக்கவும் வேண்டாம். இரகசியமாக ஆலோசனை கேட்கப் பயங்கரவாத எதிர்ப்புப் பொலிஸின் ஆக்ட் எர்லி உதவி இலக்கம் 0800 011 3764.

---

மதுரைக்காரி எழுதியது:

நெடுந்தீவான் அண்ணா விட்ட இடத்திலிருந்து.

வெறுப்புக் குற்றம் என்று பதிவாக, போலீஸ்காரர் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பாதிக்கப்பட்டவரோ பார்த்த வேறு எவரோ "இது இனத்தாலோ மதத்தாலோ வந்த பகை" என்று கருதினால், அப்படியே பதிய வேண்டும். லண்டனில் 1993இல் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணையில் போலீஸ் செய்த பிழைகளை ஆராய்ந்த மக்ஃபர்சன் அறிக்கை 1999இல் சொன்னது இது. இனம், மதம், பாலின ஈர்ப்பு, மாற்றுத்திறன், திருநர் அடையாளம் என்று ஐந்து வகைகளைக் கணக்கில் வைக்கிறார்கள். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,40,561 பதிவு. அதில் 98,799 இனம் தொடர்பானவை.

பதிவு அப்படி. வழக்கு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான புகார்கள் செத்துப்போகின்றன. 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம், 28ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தபோதோ அதற்குச் சற்று முன்போ பின்போ பகையை வெளிக்காட்டியிருக்க வேண்டும், அல்லது பகைதான் முழுதாகவோ ஓரளவோ காரணமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். அதனால் வாக்குமூலத்தில் "இனவெறியோடு திட்டினான்" என்று மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை. அவன் சொன்ன சொல் எதுவோ, அந்தக் கெட்ட வார்த்தையையே, எழுத்துக்கு எழுத்து சொல்ல வேண்டும். நம் பெண்கள் வாயால் அதைச் சொல்லக் கூசுகிறார்கள், நியாயம்தான். எழுதிக் காட்டலாம். ஆனால் அந்தச் சொல் வாக்குமூலத்தில் இல்லையென்றால் இனப்பகைக்கு ஆதாரமே இல்லாமல் போகும்.

ஏன் இது முக்கியம்? சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. இனப்பகையோடு என்றால் 2 ஆண்டு. பொருட்சேதத்துக்கு 10 ஆண்டு. இனப்பகையோடு 14 ஆண்டு. தண்டனையை விடக் காலக்கெடு இன்னும் முக்கியம். சாதாரணத் தாக்குதலில் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்காவிட்டால் போச்சு. இனப்பகைத் தாக்குதலுக்கு அந்த 6 மாத எல்லை இல்லை. ஆதாரம் இல்லை என்று ஏழாவது மாதத்தில் அந்தப் பகுதியை நீக்கினால், மிச்சமிருக்கும் சாதாரணத் தாக்குதலுக்கும் நேரம் கடந்திருக்கும். ஆகவே நான்காவது மாதத்திலேயே விசாரணை அதிகாரிக்கு எழுதி, "இது எந்தப் பிரிவில் போகிறது, சிபிஎஸ்ஸுக்கு (அரசுக்காக வழக்குத் தொடரும் அமைப்பு) கோப்பு எப்போது அனுப்புகிறீர்கள்" என்று பதில் வாங்குங்கள்.

கீரிமலை, "இலக்கம் தருகிறார்கள்" என்றீர்களே, அது என்ன எண் என்று பாருங்கள். லண்டனில் தொலைபேசியில் கொடுப்பது பல முறை கேட் எண். அது நீங்கள் கூப்பிட்டதற்கான எண் மட்டும். குற்றப் பதிவு எண் வேறு. கேட் எண் மட்டும் இருந்தால் குற்றமாகவே பதியாமல் இருக்கலாம். "குற்ற எண் கொடுங்கள், வெறுப்புக் குற்றம் என்று குறியிட்டிருக்கிறதா" என்று இரண்டு கேள்வியும் கேளுங்கள். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999, முடிந்த பிறகு 101 அல்லது போலீஸின் வெறுப்புக் குற்றப் புகார்த் தளமான ட்ரூ விஷன். ரயிலில் என்றால் போக்குவரத்துப் போலீஸுக்கு 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி.

சிசிடிவி பல கடைகளில் ஒரு மாதத்துக்குள் தானாக அழிந்துவிடும், பஸ்ஸில் இன்னும் சீக்கிரம். போலீஸ் வந்து எடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே கடைக்காரரிடம் தேதி, நேரம், எந்தக் கேமரா என்று எழுதிக் கொடுத்து "அழிக்காமல் வையுங்கள்" என்று கேளுங்கள். காட்சி உங்கள் கையில் வராவிட்டாலும் பரவாயில்லை. போலீஸ் வரும்வரை இருந்தால் போதும்.

---

வெள்ளிவீதி எழுதியது:

கவுன்சில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கவுன்சிலால் யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் அதன் கையிலும் சில கருவிகள் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின்படி கவுன்சிலும் வீட்டு வசதிச் சங்கமும் சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். இதில் குற்றவழக்கு அளவுக்கு "ஐயத்துக்கு இடமின்றி" நிரூபிக்கத் தேவையில்லை. தொந்தரவு செய்பவர் பக்கத்து வீட்டுக் கவுன்சில் குடியிருப்பாளர் என்றால் அவருடைய வாடகை ஒப்பந்தத்தையே பிடிக்கலாம். வன்முறையோ மிரட்டலோ இருந்தால் அவர் தன் வீட்டுக்குள் வராமல்கூட நீதிமன்றம் தடுக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்தை மாற்றுவதைத்தான் அதிகாரிகள் முதலில் சொல்லுவார்கள், அது அவர்களுக்கு எளிது. தொந்தரவு செய்தவரை மாற்றுவது பற்றி எழுத்தில் கேளுங்கள்.

சுவர் எழுத்து: முதலில் படம், மூன்று தூரத்திலிருந்து. அருகே எழுத்து தெரிய, கொஞ்சம் தள்ளிச் சுவர் தெரிய, இன்னும் தள்ளி எந்தக் கட்டடம் என்று தெரிய. பொலிஸ் இலக்கம் எடுத்த பிறகு கவுன்சிலுக்குச் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். இனவெறி எழுத்து என்று குறிப்பிட்டால் பல கவுன்சில்கள் 24 மணி நேரத்துக்குள் அழிக்க முயலும், "கிராஃபிட்டி" என்று மட்டும் போட்டால் அது சாதாரண வரிசையில் நிற்கும். கோயில் சுவர் தனியார் சொத்து, ஆகவே சேதம் வந்தால் கவுன்சில் பொறுப்பல்ல என்ற ஒப்புதல் படிவத்தில் நிர்வாகி ஒப்பமிடாமல் அவர்கள் தொடமாட்டார்கள். அந்தப் படிவத்தை இப்போதே வாங்கி ஒப்பமிட்டு வைக்கலாம். தொண்டர்கள் அன்று இரவே தாங்களே கழுவிவிடுவது நல்ல மனசுதான், ஆனால் ஆதாரமும் கழுவுப்பட்டுப் போகும்.

பொலிஸும் கவுன்சிலும் பதில் சொல்லவில்லை என்றால் சமூக விரோத நடத்தை வழக்கு மறுஆய்வு என்று ஒன்று உண்டு. முன்பு கம்யூனிட்டி டிரிகர் என்பார்கள். 6 மாதத்தில் மூன்று தகுதியான முறைப்பாடு இருந்தால் எல்லா அமைப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். மூன்றுக்கு மேல் கேட்க எந்தக் கவுன்சிலுக்கும் அனுமதி இல்லை, வெறுப்புச் சம்பவத்துக்கு இதைவிடக் குறைத்து வைத்திருக்கும் கவுன்சில்களும் உண்டு. நிபந்தனை இரண்டு: சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு போட்டிருக்க வேண்டும், அந்த முறைப்பாட்டிலிருந்து 6 மாதத்துக்குள் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு கவுன்சிலரோ சங்கமோ போடலாம். இங்கே எங்கள் ஆக்கள் தோற்பது ஒரே காரணத்தால்: முட்டை வீசியதை ஏழு தடவை சகித்து, எட்டாவதுக்குத்தான் முதல் முறைப்பாடு. கணக்கில் அது ஒன்று.

கோயிலுக்குக் கேமரா, வேலி, அபாய மணி போட உள்துறை அமைச்சின் வழிபாட்டிடப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பள்ளிவாசல்களுக்கும் யூதக் கோயில்களுக்கும் தனித்தனித் திட்டம், சைவ, கிறிஸ்தவ, சீக்கிய இடங்களுக்கு இது. விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது. திறக்கும்போது குற்ற இலக்கங்களும் திகதியும் உள்ள பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதற்காகவும் ஒவ்வொரு சம்பவத்தையும் பதிய வேண்டும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேர் அறியாதது. கவுன்சிலும் பொலிஸும் சமூகப் பதட்டக் கண்காணிப்பு என்று ஒழுங்காகக் கூடித் தகவல் பரிமாறுகிறார்கள். நேரில் அனுபவித்தது, ஆதாரம் உள்ளது, நடக்கக்கூடியது என்று மூன்றாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். 2022 ஆகஸ்ட், செப்டம்பரில் லெஸ்டரில் இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பிறகு மூண்ட மோதலில், ஊருக்கு வெளியிலிருந்து பரவிய பொய்த் தகவல் நெருப்பை ஊதியது. 2024 ஆகஸ்ட் கலவரத்துக்கும் முதல் தீப்பொறி சவுத்போர்ட் கொலையாளி பற்றிய பொய்ப் பெயர்தான். வாட்ஸ்அப்பில் "இன்றிரவு இந்தத் தெருவுக்கு வருகிறார்கள்" என்று ஒன்று வந்தால் அதை முன்னோக்கி அனுப்பாமல், திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷொட்) கவுன்சிலின் சமூகப் பாதுகாப்பு அணிக்கு அனுப்பும் ஒரு ஆளைச் சங்கத்தில் நியமியுங்கள். ஒரே ஆள், ஒரே மின்னஞ்சல் முகவரி. ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் அது வதந்தியாகவே எண்ணப்படும்.

---

கீரிமலை_ஹரோ எழுதியது:

மூவருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வேறெங்கும் கிடைக்கவில்லை. இரண்டு துணைக்கேள்வி. மூடப்பட்ட ரெஃபரல் பிள்ளையின் பெயரில் எத்தனை வருடம் கிடக்கும்? மற்றது, கவுன்சில் மண்டபத்தில் நினைவு நிகழ்வு வைக்கக் கேட்டால் பேச்சாளர் பட்டியல், பதாகை விவரம் எல்லாம் கேட்கிறார்கள். இதுவும் பிரிவென்ட்தானா?

---

நெடுந்தீவான் எழுதியது:

ரெஃபரல் குற்றப் பதிவு அல்ல. ஆனால் பொலிஸின் பிரிவென்ட் தரவுத்தளத்தில் இருக்கும், பொதுவாக ஆறு வருடம், பிறகு மறுபரிசீலனை. அழிக்கக் கேட்க முடியும். 11 வயதில் ரெஃபர் செய்யப்பட்ட ஒரு பையனின் தகவலைப் பெருநகரப் பொலிஸ் தொடர்ந்து வைத்திருந்தது அவனுடைய தனியுரிமையை மீறுகிறது என்று உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது. அழிக்கக் கேட்கும் முன் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். தகவல் அணுகல் கோரிக்கையைப் பொலிஸ், கவுன்சில், பாடசாலை மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் பிரதியை வைத்திருக்கும், ஒன்று அழித்தால் மற்றது அழியாது. பதிலுக்குச் சாதாரணமாக ஒரு மாதம். பாதுகாப்புக் காரணம் காட்டிச் சில பகுதிகளை மறைத்துத் தரலாம்.

மண்டபம்: ஆம், பிரிவென்ட் வழிகாட்டுதல் கவுன்சில் இடங்கள் தீவிரவாதத்துக்கு மேடையாகாமல் பார்க்கச் சொல்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கம் 2001இலிருந்து இங்கே தடைப்பட்டியலில் இருக்கிறது. நினைவு கூர்வதும், தமிழர் உரிமை பற்றிப் பேசுவதும், அரசை விமர்சிப்பதும் சட்டத்துக்கு உட்பட்டவை, பிரிவென்டுக்கு உரியவையும் அல்ல. சின்னமும் கொடியும்தான் வேறு கணக்கு. பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகம் எழும்படி பொது இடத்தில் ஒன்றைக் காட்டினாலே குற்றம், அதிகபட்சம் 6 மாதம். ஆதரிக்கும் எண்ணம் இருந்ததா என்பது தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் குர்திஷ் அமைப்பின் கொடி வழக்கில் உறுதிப்படுத்தியது. பிள்ளைகள் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது இதனால்தான். விண்ணப்பத்தில் "கலாசார நிகழ்வு" என்று மழுப்பினால் கடைசி நேரத்தில் ரத்தாகும். பேச்சாளர், தலைப்பு, பதாகை வாசகம் எல்லாவற்றையும் நேராக எழுதி, மறுத்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பாகுபாடு காட்டாமல் நடக்கக் கவனம் செலுத்தச் சொல்லும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவும் கவுன்சிலுக்குப் பொருந்தும். மற்றச் சமூகங்களிடம் கேட்காத கேள்வியை உங்களிடம் மட்டும் கேட்டால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

---

மதுரைக்காரி எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. வாக்குமூலம் கொடுக்கும்போது ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, காசு கிடையாது. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிரிவென்ட் சந்திப்பில் அறவே கூடாது. அங்கே பேசப்படுவதே அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். "இலங்கைத் தமிழ்" அல்லது "இந்தியத் தமிழ்" என்று சந்திப்புக்கு முன்பே சொல்லிவையுங்கள். கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தை முழுதாகத் தமிழில் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கெட்ட வார்த்தை ஆங்கிலத்தில் அவன் சொன்னபடியே இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.